மீண்டும் மெம்பர்

நோன்பு மாதத்தில் வீட்டுக்கு ஆள் வந்தால் ஒரு வசதி உண்டு, தேநீர் ஊற்ற வேண்டியதில்லை. அஸர் தொழுகை முடிந்த கையோடு பள்ளி நிர்வாக சபைத் தலைவர் பாரூக் ஹாஜியாரும் கணவரின் தம்பி ஃபாஸிலும் படியேறி வருவதைக் கண்டபோது ஹபீலாவுக்கு முதலில் தோன்றியது அதுதான். ஹாஜியாரின் கையில் பள்ளிவாசல் கஞ்சி நிறைந்த வாளி இருந்தது. தலைவரே கஞ்சி சுமந்து வருகிறார் என்றால் பின்னால் பெரிதாக ஏதோ கேட்கப் போகிறார் என்று வெலிகொடையில் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும்.

வெலிகொடை கண்டிப் பக்கம் மடவளைக்கும் திகனைக்கும் நடுவே உள்ள ஒரு பஸார். ஒரு பள்ளிவாசல், ஒரு பாடசாலை, சனிக்கிழமைகளில் கூடும் சந்தை, அதைச் சுற்றிக் கடைகள். மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்கள், கீழே ஆற்றங்கரையில் சிங்களக் குடும்பங்கள், நடுவே முஸ்லிம்கள். இந்த மூன்றும் சேர்ந்துதான் பிரதேச சபைக்கான வெலிகொடை வட்டாரம். ஏழு வருடமாக நடக்காமல் கிடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு இப்போது நாள் குறித்துவிட்டார்கள். வேட்புமனுவும் நோன்பும் ஒன்றாக வந்து நின்றன.

இருவரும் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். ஹாஜியார் காலநிலையில் தொடங்கி, அரிசி விலையைத் தொட்டு, மெல்ல விஷயத்துக்கு வந்தார். ஊர் ஏகமனதாக ஒரு முடிவு எடுத்திருக்கிறதாம். பெரிய கட்சியில் வெலிகொடை வட்டாரத்துக்கு ஃபாஸில்தான் வேட்பாளராம். ஹபீலாவின் பெயரையும் ஊர் மறக்கவில்லையாம், அதை மேலதிகப் பட்டியலில் போடுவார்களாம். வட்டாரத்தில் நின்று வெல்பவர் ஒரு வகை. கட்சிக்கு விழுந்த மொத்த வாக்கைப் பார்த்துப் பட்டியலிலிருந்து கொசுறாக எடுக்கப்படுபவர் இன்னொரு வகை. பெண்களை இத்தனை பேர் போட வேண்டும் என்று சட்டம் சொல்வதால், பட்டியலை நிரப்ப எல்லாக் கட்சிக்கும் பெண்களின் பெயர்கள் தேவைப்பட்டன. பெயர்கள் மட்டும்.

ஊர் என்று ஹாஜியார் சொன்னது பள்ளிவாசல் மேல்மாடியில் கூடிய ஆண்களை. ஊரில் பாதிப்பேர் அந்த மாடிப்படியை மிதித்ததே இல்லை என்பது அவருக்கு ஒரு குறையாகப் படவில்லை. அவர் கெட்ட மனிதரும் இல்லை.

ஹபீலா பேசாமல் இருந்ததை ஃபாஸில் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அவனுக்கு அது பழைய வியாதி.

"மதினி, நீங்க எம்.பி.சி.யா ஈந்தவங்க," என்றான். "மாகாண சபைக்குப் போய் வந்த ஆள், திரும்பச் சாக்கடைக் கான் துப்பரவாக்குற மெம்பருக்கு நிக்கிறதா? ஊருக்கே வெக்கம் இல்லையா?"

"மாகாண சபை பூட்டிக் கெடக்கு, அது நாறல்ல," என்றாள் ஹபீலா. "கான்தான் நாறுது. நான் வட்டாரத்துலதான் நிக்கிறன் தம்பி. பட்டியல்ல நீங்க இருந்துகொள்ளுங்க."

ஹாஜியார் தொண்டையைக் கனைத்தார். ஊர் முடிவை மீறுவது நல்லதல்ல என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். கஞ்சி வாளியை வைத்துவிட்டுத்தான் போனார்கள். கஞ்சிமீது அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஊரில் அவளை எம்.பி.சி. தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூர்க்காரர் யாரும் வெள்ளைத் தாடியை எதிர்பார்க்க வேண்டாம், இங்கே அக்காவைத்தான் தாத்தா என்பது. மாகாண சபை உறுப்பினராக இருந்தவள் என்பதால் முன்னால் அந்த மூன்று எழுத்து. சபை கலைந்து, மறு தேர்தல் இன்று நாளை என்று வருடக்கணக்காக இழுபட்டு, பல்லேகலைச் சபையில் அவள் உட்கார்ந்திருந்த ஆசனம் யாருக்கும் இல்லாமல் போன பிறகும் அந்த மூன்று எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அரசியல் வந்த விதமே ஒரு கூத்து. கணவர் மஹ்ரூப் பிரதேச சபை மெம்பராக இருந்தபோதே மாரடைப்பில் மௌத்தாகிப் போனார். வெற்றிடத்துக்கு ஃபாஸில் ஆசைப்பட்டான். கட்சியோ அனுதாபத்தைக் கைவிட மனமில்லாமல் விதவையின் பெயரை எழுதியது. அப்போது அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் முன் வராமல் இருக்கும் காலம் அது. பதவிப் பிரமாணம் எடுக்கச் சபைக்குப் போக முடியாது. ஆகவே பிரமாணம் வீட்டுக்கு வந்தது.

கண்டியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற அதிபர் விமலநாதன், சமாதான நீதவான், முன்னறையில் வந்து உட்கார்ந்தார். நடுவில் திரைச்சீலை. இந்தப் பக்கம் வெள்ளை உடுப்பில் ஹபீலா. ஃபாஸில் கடதாசியையும் பேனாவையும் ஒரு தட்டில் வைத்துத் திரைக்குக் கீழால் தள்ளிவிட்டு, கையெழுத்தை மட்டும் போடுங்கள் மதினி, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் கையெழுத்துப் போடவில்லை. முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். வாசித்து முடித்து மறுபடியும் வாசித்தாள். ஃபாஸில் இருமினான், எழுந்து நடந்தான், நேரம் பார்த்தான்.

"அவ ஆறுதலா வாசிக்கட்டும் தம்பி," என்றார் விமலநாதன் திரைக்கு அந்தப் பக்கம். "எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

பிறகுதான் பேனா தட்டில் திரும்பி வந்தது. மிச்சத்தை யாரும் பார்க்கத் தேவையில்லை என்று ஃபாஸில் அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. இத்தா முடிந்த மறுவாரம் அவள் பஸ் ஏறித் தனியாகச் சபைக் கூட்டத்துக்குப் போனபோது, அவனுக்கு அது மரியாதைக் குறைவாகத்தான் பட்டது.

சபையில் அவள் ஒருத்திதான் பெண். கட்டடத்தில் கழிப்பறை ஒன்று இருந்தது, அதன் கதவு கூட்ட மண்டபத்தைப் பார்த்தபடி இருந்தது, பூட்டு உடைந்திருந்தது. காலையில் போனால் பின்னேரம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். கூட்ட நாளில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். ஒருநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்டியில் ஒரு டாக்டரிடம் போனபோது, சிறுநீரகத்தில் கல் என்றார், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். நல்ல புத்திமதி.

அப்போதுதான் அவள் சந்தையைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், அதற்கு முன்னும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மரக்கறி வாங்கியவள்தான். ஆனால் கீரை விற்கும் சோமாவதி விடியலில் வந்து இருட்டும்வரை ஒரு இடத்தில் குந்தியிருக்கிறாளே, அவள் எங்கே போகிறாள் என்று அதுவரை நினைத்ததில்லை. கேட்டாள். சோமாவதி வெட்கப்பட்டுச் சிரித்து, கடைகளுக்குப் பின்னால் ஆற்றோரத்தைக் கண்ணால் காட்டினாள். தனக்குக் கூட்ட நாளில் மட்டும் வரும் அவஸ்தை இந்தப் பெண்களுக்கு ஆயுள் முழுக்க என்று விளங்கியபோது ஹபீலாவுக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம்.

சந்தைத் திடலில் பெண்களுக்கு ஒரு அறை வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தாள். கழிப்பறை, தண்ணீர்க் குழாய், உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு வாங்கு. ஒரு மெம்பர் எழுந்து கண்ணாடியும் வேண்டுமா என்று கேட்டார், சபை சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் அவள் மறுபடி எழுந்தாள். அதற்கடுத்ததிலும் எழுந்தாள். கடைசியில் இந்தப் பொம்பிளையின் வாயை மூடுவதற்காகவாவது கட்டித் தொலைப்போம் என்று காசு ஒதுக்கினார்கள். கல்லில் யாருடைய பெயரைப் பொறிக்க என்று கேட்டார்கள். நம் நாட்டில் மதகு கட்டினாலும் ஒரு கௌரவ பெயர் வேண்டுமே. பெண்களுக்கு என்று மூன்று மொழியிலும் எழுதுங்கள், வேறு பெயர் வேண்டாம் என்றாள். அந்தக் கல்லுக்காகத்தான் அடுத்த தேர்தலில் பெண்கள் அவளுக்கு வாக்குப் போட்டார்கள். அதற்கடுத்து மாகாண சபைக்கும் அனுப்பினார்கள்.

பல்லேகலையில் குளிரூட்டிய மண்டபம், காதில் மாட்டிக் கேட்க மொழிபெயர்ப்புக் கருவி, கதவு பூட்டும் கழிப்பறை. அங்கேயும் அவள் சும்மா இருக்கவில்லை. முன்பள்ளி ஆசிரியைகளின் கொடுப்பனவுக்காகப் பேசினாள், ஒரு தொங்கு பாலத்தைக் கேட்டு வாங்கினாள். திகனையில் முஸ்லிம் கடைகளைக் கும்பல்கள் எரித்த அந்த மார்ச்சில், பல பேருடைய தொலைபேசிகள் அணைந்து கிடந்தபோது, அவளுடையது இரவும் பகலும் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லக்கூடிய நல்ல பதில் அதிகம் இருக்கவில்லை. அந்த வருடமே சபை கலைந்தது. அதற்குப் பிறகு அழைப்பிதழ்களில் அவள் பெயருக்கு முன்னால் "முன்னாள்" என்று போட்டார்கள். முன் வரிசையில் கதிரை கிடைத்தது, மைக் கிடைக்கவில்லை.

பிரதேச சபையின் காலமும் முடிந்து போனது. மெம்பர்மார் இல்லாத அந்த இடைவெளியில் ஃபாஸில் சந்தைத் திடலைக் குத்தகைக்கு எடுத்தான். திடலின் ஓரத்திலேயே அவனுடைய ஹார்ட்வெயார் கடை. கடையில் இடம் போதாமல் பெயின்ட் வாளிகளையும் குழாய்களையும் பெண்களின் அறைக்குள் அடுக்கி, ஒரு பெரிய பூட்டைப் போட்டான். திறப்பு அவனுடைய மேசை லாச்சியில். தற்காலிகம்தான் மதினி என்றான். அந்தத் தற்காலிகம் வருடங்களாக நீண்டது.

சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை றலியா என்ற பெண், ஏழு மாத வயிற்றோடு, பலகாரம் விற்க வந்தாள். கடையில் போய்த் திறப்பைக் கேட்டாள். முதலாளி இல்லை என்றார்கள். பள்ளிவாசலில் கேட்க முடியாது, அங்கே இருப்பது ஆண்களுக்கு. மழையில் ஆற்றோரம் இறங்கினவள் வழுக்கி விழுந்தாள். கை முறிந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அம்பியூலன்ஸ் வரும்வரை அவள் தலையை மடியில் வைத்திருந்த ஹபீலாவுக்கு, அவள் வலியைச் சொல்லி அழவில்லை, உடுப்பு நனைந்ததற்காக அழுதாள் என்பது மறக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே சபை அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி எழுந்து நின்றார், கதிரை போட்டார், மேடம் என்றார். எல்லாம் கேட்டுவிட்டு மிகவும் பணிவாகக் கையை விரித்தார். திடலின் குத்தகையில் கை வைக்கத் தெரிவுசெய்யப்பட்ட சபை ஒன்று வேண்டும். முன்னாள் மாகாண சபை உறுப்பினர் சொல்லி ஆகாது, பாராளுமன்றத்திலிருந்து ஆள் வந்து சொன்னாலும் ஆகாது. ஒரு மெம்பர் எழுந்து பிரேரணை கொண்டுவர வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் ஹபீலா தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

இவ்வளவும் மனதில் இருக்க, ஒரு வாளி கஞ்சிக்கு அவள் எப்படி மடங்குவாள்?

மகள் அம்னாதான் கஷ்டப்படுத்தினாள். கம்பளையில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு வங்கியில் வேலை செய்கிறவள். மாமியார் வீட்டில் அவளை எம்.பி.சி.யின் மகள் என்றுதான் எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார்கள். செய்தி கேட்டு நோன்பு திறக்கும் நேரத்துக்கே வந்து இறங்கிவிட்டாள்.

"உம்மா, மேல போனவங்க கீழ எறங்கினா ஆக்கள் சிரிப்பாங்க. தோத்துட்டா இன்னும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் எறங்கல்ல மகள், வேலைக்குப் போறன். வேல கீழதான் ஈக்கி."

அம்னா ஒரு ஈத்தம்பழத்தை எடுத்துக் கடித்தாள். பிறகு, றலியாவின் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதற்குமேல் அந்த வீட்டில் வாதம் நடக்கவில்லை.

பெரிய கட்சி கதவைச் சாத்தியது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடைக்கு மேலே, ஒரு சின்னக் கட்சிக்கு அலுவலகம் இருந்தது. வெலிகொடைக்கு ஆள் கிடைக்காமல் அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். ஹபீலா படியேறிப் போய், வட்டாரத்தில் நிற்க வந்திருக்கிறேன் என்றபோது, கட்சியின் செயலாளர் முதலில் தன் சட்டைப் பொத்தானைப் போட்டார். சின்னம் கேத்தல். வாக்குச் சீட்டில் வேட்பாளர் பெயர் இருக்காது, சின்னம்தான் இருக்கும். எம்.பி.சி. தாத்தா கேத்தலில் தேத்தண்ணி ஊற்றப் போகிறாளாம் என்று பஸாரில் சிரித்தார்கள். கடையில் ஒருவன் அவளைக் கண்டதும் ஒரு பிளேன்டீ போடுங்கள் என்று குரல் கொடுத்தான். அவள் நின்று, சீனி எவ்வளவு என்று கேட்டாள்.

பெருநாள் கழிந்து தேர்தல் சூடு பிடித்தது. ஃபாஸிலுக்கு மேடை, ஒலிபெருக்கி, மதில் நிறையப் போஸ்டர். ஹபீலா ஒரு கூட்டமும் போடவில்லை. அயலில் நஸ்லியா என்பவளின் வீட்டில் பெண்கள் குர்ஆன் ஓதக் கூடும் இடத்துக்குப் போனாள். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் போனாள். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சாவு நடந்த மையித்து வீட்டுக்கும் போனாள். சோமாவதியோடு ஆற்றங்கரைக்குப் போனாள், தோட்டத்து லயனுக்கு மூச்சு வாங்க ஏறினாள். எந்த இடத்திலும் அவள் பேச்சு நடத்தவில்லை, ஒரு கேள்விதான் கேட்டாள். பஸாருக்கு வந்தால் எங்கே போகிறீர்கள்?

முதலில் எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருத்திக்குச் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு நிறுத்தவே முடியாது. ஒருத்தி டவுனுக்குப் போகும் நாளில் முதல் நாள் இரவோடு தண்ணீர் குடிப்பதை விடுகிறாள். ஒருத்தி ஒவ்வொரு தடவையும் நகைக்கடையில் வாங்காத சங்கிலியை விலை கேட்டு, அப்படியே அவர்களுடைய உள்வீட்டுக்குப் போய் வருகிறாள். தோட்டத்து அம்மா ஒருவர், மழை வந்தா சந்தோசம்ங்க, சேல நனைஞ்சது யாருக்கும் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். அந்த இடத்தில் மட்டும் ஹபீலாவால் கூடச் சிரிக்க முடியவில்லை.

நஸ்லியா வீட்டில் ஒரு இளம் பெண்தான் பயந்து கேட்டாள்.

"தாத்தா, யாருக்குப் போட்டெண்டு ஊட்டுல கேட்டா என்ன செல்ற?"

"கேக்க மாட்டாங்க," என்றாள் ஹபீலா.

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். உண்மையில் யாரும் கேட்கவில்லை. மேல்மாடியில் கூடிய ஆண்கள் வீடுகளை எண்ணி, வீட்டுக்கு நாலு வாக்கு என்று பெருக்கினார்கள். அந்த நாலில் இரண்டு மூன்று பெண்களுடையது என்பது கணக்கில் வந்தது, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது வரவில்லை. சோறு போட்டாயா என்று கேட்பார்கள், குடை எங்கே என்று கேட்பார்கள், யாருக்கு வாக்கு என்று கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது? சொன்னால் போதாதா? சொன்னார்கள். பெண்கள் தலையை ஆட்டினார்கள்.

வாக்களிப்பு நாளில் வெயில் சுட்டெரித்தது. ஆட்களை வாகனத்தில் ஏற்றி வருவது சட்டப்படி கூடாது. ஆனாலும் ஃபாஸில் ஒரு படை த்ரீவீலர்களை இறக்கியிருந்தான். பெண்கள் வெயிலில் நடக்க அலுத்து வீட்டிலேயே இருந்துவிட்டால் ஊர்க் கணக்குப் பிழைத்துவிடுமே. ஒவ்வொரு வாசலிலும் ஹோர்ன் அடித்து, மரியாதையாக ஏற்றி வந்து, பாடசாலைச் சந்தியில் இறக்கினார்கள். மூட்டுவலிக்காரிகளும் வந்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிகளும் வந்தார்கள். இறங்குகிறவர்கள் எல்லோரும் ஃபாஸிலைப் பார்த்து ஜஸாகல்லாஹ் தம்பி என்று வாயார வாழ்த்திவிட்டு உள்ளே போனார்கள். நஸ்லியா இரண்டாவது தடவையும் வண்டி கேட்டு ஃபாஸிலுக்கே போன் அடித்தாள், மாமியை மறந்துவிட்டாளாம். ஃபாஸில் உடனே அனுப்பினான்.

ஹபீலா சட்டம் சொன்ன தூரத்துக்கு அப்பால் குடையோடு நின்றிருந்தாள். மத்தியானம் ஃபாஸில் அவளிடம் வந்தான். வெற்றி நிச்சயமான மனிதனுக்கு வரும் பெருந்தன்மை முகத்தில் இருந்தது. ஏன் மதினி வெயிலில் காய்கிறீர்கள், நம்முடைய த்ரீவீலில் வீட்டுக்குப் போங்கள் என்றான். நல்லது தம்பி என்று ஏறிப் போய்விட்டாள். அவளுக்கு அங்கே வேலை ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை, எல்லாவற்றையும் அவனே செய்துகொண்டிருந்தான்.

அன்று மாலையே அந்தப் பாடசாலையில் எண்ணினார்கள். ஃபாஸில் வீட்டு முற்றத்தில் புரியாணிச் சட்டி தம்மில் இருந்தது, பட்டாசு வாங்கி வைத்திருந்தார்கள். கேத்தல் வென்றது என்று சொன்னபோது அவன் மறுபடி எண்ணச் சொன்னான். மறுபடி எண்ணியபோதும் கேத்தல்தான். கொஞ்ச வித்தியாசம் இல்லை, நல்ல வித்தியாசம். பாரூக் ஹாஜியார் கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வீடுகளை எண்ணிப் பார்த்தார். எந்த வீடு என்று அவருக்குப் பிடிபடவில்லை. தன் வீடாக இருக்கலாம் என்று அவர் கடைசிவரை நினைக்கவில்லை.

இரவு இஷாத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஹபீலாவின் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஃபாஸிலின் மனைவி ஜஹானா. கையில் துணியால் மூடிய பெரிய சஹன் தட்டு, அதிலிருந்து புரியாணி வாசம். பத்து வருடமாக இரண்டு குடும்பமும் பெருநாளில் மட்டும் முகம் பார்த்துக்கொள்ளும்.

"தாத்தா, சூடா ஈக்கி, சாப்பிடுங்க," என்றாள். திரும்பப் போனவள் படியில் நின்றாள். "நானும் கடைக்குச் சாப்பாடு கொண்டு போறவதானே. அந்த லாச்சித் திறப்ப ஒரு நாளும் எனக்கும் தரல்ல."

ஹபீலா அதுவரை அழவில்லை. வென்றது என்று கேட்டபோதுகூட அழவில்லை. சஹனைக் கையில் ஏந்தியபடி அப்போது அழுதாள். அம்னா வந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

புதிய சபையின் முதல் கூட்டத்தில் வேடிக்கை ஒன்று காத்திருந்தது. ஃபாஸிலும் அங்கே உட்கார்ந்திருந்தான். பெரிய கட்சிக்குப் பட்டியலில் ஒரு இடம் கிடைத்திருந்தது, வட்டாரத்தில் தோற்றவரையும் அதற்கு நியமிக்கலாம், அவளுக்குக் காட்டிய அந்த மேலதிகப் பட்டியலின் வழியாக அவனே உள்ளே வந்திருந்தான். ஹபீலா எழுந்து, சந்தைத் திடலின் பெண்கள் அறையைத் திறந்து திருத்திப் பெண்களிடம் கொடுக்க வேண்டும் என்று பிரேரித்தாள். யாரும் கண்ணாடி கேட்கவில்லை. ஆமோதித்தவன் ஃபாஸில். காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அவன் யாருக்கும் பின்னால் நிற்க மாட்டான்.

திருத்த வேலையை முன்னின்று நடத்தினதும் அவனே. பெயின்ட் வாளிகள் வெளியேறின, அதே பெயின்ட் சுவரில் ஏறியது. புதுக் கதவு, புதுக் குழாய். பிறகு அழைப்பிதழ் அச்சானது. திறப்பு விழா, சனிக்கிழமை காலை, தவிசாளர் தலைமையில், கௌரவ உறுப்பினர் ஃபாஸிலின் அயராத முயற்சியால். ஹபீலாவின் பெயர் அதில் நன்றியுரைக்கு முன்னால் இருந்தது. அம்னா அழைப்பிதழை மேசையில் போட்டு, இதற்குப் போகவே கூடாது என்றாள். போகாமல் எப்படி என்றாள் ஹபீலா.

சனிக்கிழமை சந்தை நிரம்பி வழிந்தது. அறையின் வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பெண்களுக்கு என்று மூன்று மொழியில் எழுதிய பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதிய கல் ஒன்று, அதை மூடி ஒரு குட்டித் திரைச்சீலை. ஃபாஸில் கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்தி நின்றான். தவிசாளர், மெம்பர்மார், துஆ ஓத ஹாஜியார், படம் பிடிக்க ஒருவர், எல்லோரும் ஆண்கள், பெண்களின் கழிப்பறைக்கு முன்னால் அரை வட்டமாக நின்றார்கள். பெண்கள் தூரத்தில் கூடைகளுக்குப் பின்னால் நின்றார்கள். றலியா இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். தவிசாளர் உரையைத் தொடங்கினார். உரை நீண்டது. நாட்டின் பெண்கள் அதில் கண்களானார்கள், தாய்மார் தெய்வங்களானார்கள். சோமாவதி விடியலில் வந்தவள், கால் மாற்றி மாற்றி நிற்பதை ஹபீலா கண்டாள்.

அன்று காலை ஹபீலா வேண்டுமென்றே மூன்று கோப்பை தண்ணீர் குடித்திருந்தாள்.

அவள் அரை வட்டத்துக்குள் நடந்து போனாள். ரிப்பன் வெட்ட வருகிறாள் என்று நினைத்து ஃபாஸில் தட்டை அவள் பக்கம் நீட்டினான். தவிசாளர் பேச்சை நிறுத்தினார். படக்காரர் கெமராவைத் தூக்கினார். ஹபீலா கத்தரிக்கோலைப் பார்க்கவே இல்லை. ஒரு கையால் ரிப்பனைத் தூக்கி, அதற்குக் கீழே குனிந்து உள்ளே போய், கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஹாஜியார் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் ஓடியது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. ஹபீலா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வெளியே வந்து, ரிப்பனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள்.

"தண்ணி வருது. வாங்க."

முதலில் சோமாவதி கீரைக் கூடையை வைத்துவிட்டு வந்தாள். அடுத்து நஸ்லியா வந்தாள். றலியா பிள்ளையை ஹபீலாவின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக, கௌரவ உறுப்பினர்களின் நடுவால் நடந்து, ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார்கள். வரிசை மரக்கறிக் கடைகள்வரை நீண்டது. அதில் ஜஹானாவும் நின்றாள், கணவனைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு.

ஃபாஸில் தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல் ஏந்திக்கொண்டே நின்றான். புதிய கல்லின் திரைச்சீலையை விலக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ரிப்பனும் அன்று வெட்டப்படவில்லை. சந்தை கலையும்போது யாரோ ஒரு பெண் அதை அவிழ்த்துச் சுருட்டி, வெங்காயத்தாள் கட்ட எடுத்துக்கொண்டு போனாள்.